வால் முளைத்த செம்புள்ளி

திரை முழுவதும் சிவந்து விரிகிறது அந்தப் புள்ளி, எவர்சில்வர் டம்ளரின் அடியில், வீட்டு வேலைக்காரியாக நடிப்பவள் டம்ளரைச் சாய்த்துத் தண்ணீர் குடிக்கக் குடிக்க அவள் முகத்தின் முன்னே நிலவைப் போல ஏறுகிறது, குடிப்பவளுக்கு அது தெரிவதில்லை, எதிரில் இருப்பவர்களுக்கே தெரியும், இருளில் அமர்ந்திருக்கும் முந்நூறு பேருக்கும் தெரியும், என் வலப்பக்கத்து இருக்கையில் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்த பூங்காவனத்துக்கும் தெரியும், அவள் கடிப்பதை நிறுத்தியது எனக்குக் கேட்டது.

பதினெட்டு ஆண்டுகளாக என் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள் பூங்காவனம், படப்பிடிப்புக்கு என் வீட்டை மூன்று நாள் விட்டதற்காக வந்த இரண்டு அழைப்புச் சீட்டுகளில் ஒன்றை அவளுக்கு அளித்து, ஆட்டோவில் என் பக்கத்திலேயே அமரவைத்து, காலைக் காட்சிக்கு அழைத்து வந்த என் பெருந்தன்மையை வழியெல்லாம் நானே மெச்சிக்கொண்டேன். அந்தப் புள்ளியை எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை, மணமாகி வந்த முதல் போகியன்று மாமியார் நகப்பூச்சுக் குப்பியைத் திறந்து, ஒரு டம்ளரைக் கவிழ்த்து, ஒரே ஒரு சொட்டு வைத்தார், மாறிடக் கூடாது பாரு, என்றார், எது எதனோடு மாறிவிடக் கூடாது என்று நான் கேட்கவில்லை, அவர் மறைந்த பின்னும் போகிதோறும் என் கை தானாகவே அதை வைத்தது, சென்ற போகியில் கை நடுங்கிப் புள்ளிக்கு ஒரு வால் முளைத்தது.

படப்பிடிப்பின் முதல் நாள், கலை உதவியாளராக வந்த பெண் பையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துக் கவிழ்த்துக் காட்டுகிறாள், அடியில் சிவப்புப் பொட்டு, இதெல்லாம் இப்ப எந்த வீட்டுல இருக்கு மேடம், நாங்களே ரெடி பண்ணினோம், என்கிறாள், ஆமாம்மா, இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் பார்க்கறா, என்று நான் சிரிக்கும்போது அவள் முதுகுக்குப் பின்னால் சன்னல் விளிம்பில் நான் புள்ளி வைத்த டம்ளர் நிற்கிறது, அவள் அகன்றதும் அதை அரிசி டின்னுக்குள் புதைத்தேன், முழங்கை வரை சில்லென்ற அரிசி, இப்போதும், இந்த அரங்கின் இருளிலும், கை சில்லிட்டிருக்கிறது. படத்தில் வரப்போவது அவர்கள் செய்த டம்ளர்தானே, பூங்காவனம் தான் குடிக்கும் டம்ளரின் அடியை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டாள் என்று நம்பித்தான் அழைத்து வந்தேன், ஆனால் திரையில் விரியும் புள்ளிக்கு வால் இருக்கிறது.

நம்ம டம்ளரு மா, என்று பூங்காவனம் என் காதருகே குனிகிறாள், பேரனை மேடையில் கண்டவளின் குரல், கடைசி நாளு அந்தப் பொண்ணு கொண்டாந்தது காணாப்பூடுச்சி, டைரக்டரு காட்டுக் கத்தலு கத்துறாரு, அது கண்ணுல தண்ணி, பாவமா இருந்துச்சி, நீங்க அரிசி டின்னுல வச்சத பாத்திருந்தேன் இல்ல, நான்தான் எடுத்துக் குடுத்தேன், அப்பால கழுவி அங்கியே வச்சிட்டேன். உனக்குத் தெரியுமா, என்று கேட்டது என் குரல்தானா, எது மா, என்றாள், அந்தப் புள்ளி, என்றேன். அவள் சிரித்தாள். தேய்க்கிறவளுக்குத் தெரியாதா மா, அது மேல நாரு படாம சுத்திச் சுத்தித் தேய்ப்பேன், அழிஞ்சா எது என்னுதுன்னு தெரியாம நீங்க தவிச்சிப் பூடுவீங்க இல்ல. முறுக்கு மறுபடியும் உடைபடுகிறது, முன்வரிசையில் யாரோ, சே, இன்னும் இப்படியும் இருக்காங்களா, என்று உச்சுக்கொட்டுகிறார்கள், நானும் உச்சுக்கொட்டுகிறேன், என் நாக்கு என்னைக் கேட்கவில்லை.

வீடு திரும்பிவிட்டோமா, அரங்கில்தான் இருக்கிறோமா, திரையில் கண்ட அதே சமையலறை, அதே சன்னல், விளிம்பில் அந்த டம்ளர் இல்லை, உலராத ஒரு வட்டத் தடம் மட்டும், முகமெல்லாம் வெளுத்துப் போச்சே மா, இந்தாங்க, என்று பூங்காவனம் தண்ணீர் நீட்டுகிறாள், விளிம்பு வரை நிறைத்திருக்கிறாள், கவிழ்த்துப் பார்க்க வழியில்லை, வாயில் வைத்துச் சாய்க்கிறேன், அவள் எதிரில் நிற்கிறாள், அவள் பார்வை என் முகத்தில் இல்லை, அதற்குச் சற்று முன்னே, டம்ளரின் அடியில் நிலைத்திருக்கிறது, அவளுடைய கண்மணிகளில் சிவப்பாக ஏதோ ஏறுகிறது, என்ன பாக்கற, என்று கேட்க முடியாமல் வாய் நிறைய நீர், குடிங்க மா, மெதுவாக் குடிங்க, என்கிறாள், பதினெட்டு ஆண்டுகள் நான் அவளைப் பார்த்து நின்ற அதே பொறுமையுடன், குடிக்கிறேன், குடித்துக்கொண்டே இருக்கிறேன், நீர் குறையவில்லை.