மரத்தைத் தட்டியவள்

ஈரச் சிவப்பு. ஒரே மரத்தில் நாலு நிறம். உச்சியில் கருஞ்சிவப்பு, நடுவில் செம்மஞ்சள், கீழ்க்கிளையில் இன்னும் போக மனமில்லாத பச்சை. வேரடியில் உதிர்ந்து கிடக்கும் பழுப்பு.

அக்டோபர். ஓஹையோவின் தெற்குக் குன்றுகள். மழை நின்று ஒரு மணி நேரம் ஆகியும் மரங்கள் பெய்துகொண்டிருந்தன.

எங்கள் ஆர்வி, பூங்காவின் முகாம் வரிசையில் கடைசி இடத்தில் நின்றது. வண்டிக்குள் ஒரு சின்ன வீடு. இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு ஜன்னல். ஜன்னல் நிறைய மரம்.

எங்கள் என்று சொல்லிவிட்டேன். பழக்கம். இந்த முறை நான் மட்டும்தான் வந்திருந்தேன்.

என் பெயர் பேச்சியம்மாள். நர்ஸ். ஜெபமலரும் நர்ஸ். பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரி, ஒரே விடுதி அறை. இருபத்து நாலு வருடங்களுக்கு முன் ஒரே விமானத்தில் இந்த நாட்டுக்கு வந்தோம். எனக்கு அவள் மலர். அவளுக்கு நான் பேச்சி.

ஏழு வருடங்களுக்கு முன் அவள் கணவர் ஸ்டீபன் இறந்துபோனார். காலையில் காப்பி கேட்டார். காப்பி வருவதற்குள் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மலர் பேசவில்லை. நான்கு மாதம். கேட்டால் தலையசைப்பாள். ஊட்டினால் விழுங்குவாள். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள்.

அந்த இலையுதிர்காலத்தில்தான் அவளை ஆர்வியில் ஏற்றி இங்கே கொண்டுவந்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம், மண்பாதை முடிகிற இடத்தில், வழுவழுத்த சாம்பல் பட்டையோடு ஒரு பெரிய பீச் மரம். இரண்டாள் உயரத்தில் ஒரு பொந்து.

பொந்தின் வாயில் ஓர் ஆந்தை. கைக்குள் அடங்கிவிடும் அளவு. செம்பழுப்பு. விழப்போகும் இலையின் அதே நிறம். பகல் வெயிலில் முகத்தைக் காட்டிக்கொண்டு தூங்கும். தெரிந்தவர் காட்டினாலொழிய தெரியாது. எனக்கு யாரும் காட்டவில்லை. முந்தின வருடம், தனியாக அலைந்த ஒரு மத்தியானத்தில் கண்டுபிடித்தேன்.

மலரின் தோளைப் பிடித்துத் திருப்பிக் காட்டினேன். பார்த்தாள். வெகு நேரம் ஒன்றுமில்லை. காற்று வந்தது. இலைகள் போயின. ஆந்தை ஒரு கண்ணை மட்டும் மெதுவாகத் திறந்தது.

"கண்ணத் தொறக்குது, பேச்சி."

நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு. நான் அழுதேன். அவள் அழவில்லை. திரும்பி வரும்போது அவளே சொன்னாள்.

"இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும். ஒருத்தருட்டயும் சொல்லக்கூடாது, என்ன?"

சொல்லமாட்டோம் என்றோம்.

பறவைகளைப் படமெடுப்பவர்களுக்கு இது தெரியும். இடம் வெளியே தெரிந்தால் ஆட்கள் வருவார்கள். ஆட்கள் வந்தால் அந்தப் பறவைக்கு வீடு இருக்காது.

ஆறு இலையுதிர்காலம். முப்பது அடி தள்ளி நிற்போம். நீள லென்ஸ். அரை மணி நேரம், அவ்வளவுதான். கேமரா பிடிக்க அவளுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். மூச்சை விட்ட பிறகு அழுத்து. வெளிச்சம் கண்ணில் விழட்டும், அதுவரை பொறு. பிறகு ஆர்விக்குத் திரும்பி அவள் சொதி வைப்பாள். தேங்காய்ப்பால் வாசமும் ஈர இலை வாசமும். எனக்கு வேறு பண்டிகை தேவைப்படவில்லை.

இந்த வருடம் அவள் போனில் சொன்னாள். "டூட்டி மாத்த முடியலட்டி. அடுத்த வருசம் சேந்து போவோம்." சரி, நானும் போகவில்லை என்றேன்.

போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவில் ஒரு மேப்பிள் மரம் முழுசாகச் சிவந்து நின்றது. தாங்கவில்லை. லீவு சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

புதன் காலை. பத்து மணி வெளிச்சம், சாய்ந்த வெளிச்சம். மண்பாதையில் நடந்தேன். ஓடையைத் தாண்டும்போது அந்தச் சத்தம் கேட்டது.

டொக். டொக். டொக்.

மரங்கொத்தி என்று நினைத்தேன். நின்று கேட்டேன். மரங்கொத்திக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இது தட்டிவிட்டு காத்திருந்தது. மறுபடி தட்டியது.

வளைவில் திரும்பினேன்.

ஒன்பது கேமரா முக்காலிகள். ஒன்பது லென்ஸ்கள், மரத்தை வளைத்து அரைவட்டமாக. மரத்தடியில் ஒருத்தி, நீளக் கிளையால் பொந்துக்குக் கீழே தட்டிக்கொண்டிருந்தாள். நீல ஸ்வெட்டர். நான் பின்னிக் கொடுத்தது.

பொந்தின் வாயில் ஆந்தை. தூங்கவில்லை. உடம்பை ஒடுக்கி, காது இறகுகளை நிமிர்த்தி, இரண்டு கண்ணும் விரியத் திறந்திருந்தது. அது அழகு இல்லை. பயம். நர்ஸுக்குத் தெரியும், கண் எதனால் விரியும் என்று.

கேமராக்கள் படபடத்தன. யாரோ கை தட்டினார்கள். மலர் திரும்பி, சிரித்து, ஆங்கிலத்தில் சொன்னாள். "என் ஆந்தை எப்படி?"

என் ஆந்தை.

நான் நடந்தேன். முக்காலிகளைத் தாண்டி, ஒன்பது லென்ஸுக்கும் மரத்துக்கும் நடுவில் போய் நின்றேன். "கேமராவை இறக்குங்கள்" என்றேன். ஒருவர் என்னை நகரச் சொன்னார். அந்தக் குரல் ஏறியதும் தலைக்கு மேல் ஒரு காற்று. சத்தமில்லாத சிறகு.

போய்விட்டது. பட்டப்பகலில், வெட்டவெளியில். எங்கிருந்தோ நீல ஜே பறவைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு துரத்தின. ஓடைக்கு அப்பால் கத்தல் தேய்ந்தது. இலைகள் விழுந்துகொண்டே இருந்தன.

மலர் கிளையைக் கீழே போட்டாள். அவளிடம் படமெடுக்கக் கற்க வந்த குழுவைப் பாதை முனையில் காத்திருக்கச் சொன்னாள். "டீச்சர்" என்று கூப்பிட்டபடி போனார்கள்.

"நீ வரமாட்டேன்னுல்லா சொன்ன," என்றாள்.

"நான் வருவேன்னு தெரிஞ்சிருந்தா?"

"நேத்தே வந்திருப்போம்."

பொய் சொல்லியிருக்கலாம். அதைக்கூட எனக்காகச் செய்யவில்லை.

"நீதானட்டி சொன்ன, ரெண்டு பேருக்கு மட்டும்னு? நீதான?"

அவள் மரத்தைப் பார்த்தாள். பிறகு என்னை. "ஆமா, சொன்னேன். நீயும் சொன்னேல்லா? ஆஸ்பத்திரில, சாப்பாட்டு மேசைல, வாரவங்க போறவங்ககிட்டலாம். மலரு நாலு மாசம் பேசாம கெடந்தா, நாந்தான் கூட்டிட்டுப் போயி பேச வச்சேன்னு. இடத்தச் சொல்லல. என்னையச் சொன்ன."

சொல்லியிருந்தேன். பெருமையாக.

"ஏழு வருசமா எல்லாருக்கும் நான் பாவம் மலரு. இவங்களுக்கு நான் டீச்சர். அது எனக்கு வேணும், பேச்சி."

"அதுக்குக் குச்சியால தட்டணுமா?"

அவள் கீழே கிடந்த கிளையைப் பார்த்தாள். கண் கலங்கியது. திரும்பிப் போனாள். நீல ஸ்வெட்டர் சிவப்பு மரங்களுக்குள் கொஞ்ச தூரம் தெரிந்தது.

மத்தியானம் மழை. மறுநாளும் மழை. மூன்று நாள் போய்ப் பார்த்தேன். முப்பது அடி தள்ளி நின்றேன். பொந்தில் தண்ணீர் ஒழுகிய தடம் மட்டும்.

வெள்ளிக்கிழமை பூங்காக் காவலர் லின்டா ஆர்விக்கு வந்தார். அறுபது வயது, நனைந்த தொப்பி. யாரோ இணையத்தில் படங்களைப் போட்டிருக்கிறார்களாம், பாதையில் கூட்டம் தொடங்கிவிட்டதாம். மரத்தைத் தட்டியதாகக் கேள்விப்பட்டாராம். "நீங்கள் பார்த்தீர்களா? யார்?"

அடுப்பில் பால் பொங்கப் பார்த்தது. இறக்கினேன். அவரையும் உட்காரச் சொன்னேன். சும்மா இருந்திருக்கலாம். மரம் என் கண்ணுக்குள் நின்றது. மலரின் பெயரைச் சொன்னேன். எழுத்து எழுத்தாக.

சனிக்கிழமை பாதையைக் கயிறு கட்டி மூடினார்கள். வசந்தம் வரை யாருக்கும் அனுமதி இல்லை. எனக்கும் இல்லை. கயிற்றின் ஒரு முனையை நானே பிடித்துக் கட்டினேன்.

மாலை போன் வந்தது.

"பூங்காவுலேருந்து கூப்பிட்டாவ. இனிமே குழு கூட்டிட்டு வரக்கூடாதாம். நீயாட்டி சொன்ன?"

"ஆமா."

மூச்சு மட்டும் கேட்டது. அவள் மூச்சு எனக்குத் தெரியும். விடுதியில் பக்கத்துக் கட்டிலில் மூன்று வருடம் கேட்ட மூச்சு. "ஆந்தை திரும்பி வந்துச்சா?" என்று கேட்டாள். "இல்ல," என்றேன். அவள் வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை கிளம்பினேன். வாசல் அலுவலகத்தில் அடுத்த அக்டோபருக்கு இடம் பதியும் தாள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்து எழுதினேன். பெயர். வண்டி எண். எத்தனை இரவு. உடன் வருபவர்.

"போன வருஷம் மாதிரி இரண்டு பேர்தானே?" என்றார் லின்டா.

குனிந்து பார்த்தேன். என் கை அவள் பெயரின் முதல் எழுத்தை ஏற்கெனவே எழுதி முடித்திருந்தது.