தொட்டியில் பச்சை விளக்கு

குளியல் தொட்டியின் அடைப்பை மாரித் பிடுங்கிவிட்டாள். தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டு சமையலறையிலிருந்து தம்பி மனைவி தூரிட் ஓடிவந்தாள்.

“ஐயோ, பிடுங்காதே! உள்ள ஓட்வாரோட கேமரா ஊறுது.”

“எனக்கென்ன கண்ணு தெரியலையா? நாளைக்கு என் தம்பிக்கு அடக்கம். நான் குளிக்க வேண்டாமா? ஒரு வாரமா இது மட்டும்தான் இந்த வீட்டுல குளிக்குது.”

தூரிட் குளிர்ந்த நீருக்குள் கையை விட்டு அடைப்பை மறுபடி அழுத்தினாள்.

கேமராவைக் கடலுக்குள் கொண்டுபோகும் அலுமினியக் கூடு அடியில் கிடந்தது. அதன் தலையில் ஒரு சின்ன விளக்கு பச்சையாக மினுக்கியது. பச்சை எரிந்தால் உள்ளே காற்றும் போகவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீரும் இறங்கவில்லை என்று அர்த்தம். போன சனிக்கிழமை ஓட்வார் கடலிலிருந்து வந்ததும், உப்புப் போகட்டும் என்று அதை நல்ல தண்ணீரில் போட்டான். “காப்பி ஊத்து” என்றான். தூரிட் கோப்பையோடு வந்தபோது ஒரு காலில் பூட்ஸோடு நாற்காலியிலேயே இறந்துபோயிருந்தான். சற்று நேரத்தில் எடுக்கவேண்டிய கேமராவை எடுக்க ஆளில்லை.

தூரிட் எடுத்திருக்கலாம். ஆனால் அதைத் தொடும் உரிமை அவளுக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. கூட்டின் இரண்டு பாதிகளும் ஒரு ரப்பர் வளையத்தின் மேல் பொருந்துகின்றன. நடுவே ஒரு முடி குறுக்கே கிடந்தால் போதும், கடல் உள்ளே வந்துவிடும். முன்பு ஒரு கேமரா அப்படித்தான் மூழ்கியது. “உன் முடிதான்” என்றான் ஓட்வார். வீட்டில் நீளமுடிக்காரி அவள்தான், வேறு யாரைச் சொல்வது? அவளும் நம்பினாள். அதன்பின் கூட்டை மூடும் நாட்களில் அவன் குளியலறைக் கதவையும் மூடிக்கொண்டான். அவள் வீட்டுக்குள்ளேயே தலையில் துணி கட்டிக்கொண்டாள். தப்பித்தவறிக் கிட்டே போனால், “தூரிட், முடி!” என்று கத்துவான். வெள்ளிக்கிழமை மாலைகளில் டிவியின் ஒலியைக் குறைத்துவிட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் கூட்டின் கொக்கிகள் விழும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பாள். குற்ற உணர்வைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஒரே வீட்டில் அவன் இல்லாதது போலிருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

ஓட்வாரோடு கடலில் இறங்கும் ஸ்டெய்னார், மனைவி கொடுத்தனுப்பிய கேக்கோடு வந்தான்.

“நீயாவது சொல்லு இவளுக்கு” என்றாள் மாரித்.

ஸ்டெய்னார் தொட்டியை எட்டிப் பார்த்தான். “பேட்டரி எப்படியும் தீரும், தூரிட். அப்ப பச்சையும் போயிடும். நான் திறக்கட்டுமா?”

“வேணாம். நான் திறக்கறேன். எப்படின்னு சொல்லு.”

முதலில் தலையில் துணியைக் கட்டிக்கொண்டாள். கூட்டைச் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்து துடைத்தாள்.

“கொக்கியை இப்பத் தொடாதே. உள்ள இருக்கற காத்தை ஓட்வார் உறிஞ்சி எடுத்திருக்கான், ரெண்டு பேர் இழுத்தாலும் வராது. முதல்ல அந்தத் திருகைத் திற.”

திருகினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. பச்சை அணைந்தது. ஒரு வாரமாக வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. மாரித்தும் ஸ்டெய்னாரும் காத்திருந்தார்கள்.

“இப்பக் கவுத்துப் பிடிச்சுக் கொக்கியை எடு. இல்லாட்டி இடுக்குல நிக்கிற சொட்டு உள்ள விழுந்துடும்.”

கூடு பிரிந்தது. உள்ளே சுத்தமாக உலர்ந்திருந்தது. ஆனால் வளையத்தின் மேல் ஒரு முடி.

தூரிட்டின் கை நின்றது. “நான் கிட்டவே வரலையே” என்றாள்.

ஸ்டெய்னார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நகத்தால் அதை எடுத்தான். “நல்லவேளை, நீளவாக்குல ஒட்டியிருக்கு. குறுக்க கிடந்திருந்தா அவ்வளவுதான்.” ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். குட்டையான, சுருண்ட, செம்பு நிற முடி. தூரிட்டின் முடி நீளமானது, நேரானது. மஞ்சளாக இருந்து நரைத்தது, சிவந்ததே இல்லை.

“என் தம்பி தாடி” என்றாள் மாரித்.

“மூக்கு ஒட்டுற மாதிரி குனிஞ்சுதானே பார்ப்பான். வளையத்துல கிரீஸையும் அப்பி வச்சிருக்கான் பாரு. நிறையப் பூசினா தண்ணி வராதுன்னு நினைப்பு. பிசுக்குல எல்லாம் ஒட்டும்டான்னா கேட்டாத்தானே?” என்றான் ஸ்டெய்னார்.

“முன்ன அந்தக் கேமரா மூழ்கினப்ப நீ கூட இருந்தியே. அந்த முடி என்ன நிறம்?”

ஸ்டெய்னார் கண்ணாடியைக் கழற்றினான். “நான் பாக்கலை, தூரிட். அதுக்குள்ள அவன் துடைச்சுட்டான்.”

யாரும் கேக்கை வெட்டவில்லை. ஸ்டெய்னார் கிளம்பினான். மாரித் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

தூரிட் தலைத்துணியை அவிழ்த்தாள். முடி தோளில் சரிந்தது. திறந்து கிடந்த கூட்டின் மேல் குனிந்தாள். முடியின் நுனி ரப்பர் வளையத்தில் படும்வரை குனிந்து, அப்படியே இருந்தாள்.

குளியலறையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் கத்தவில்லை.