வளைவு மேசை

காளவாசலில் ஒரு மூன்றாவது மாடி. வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஹெப்சிபா அந்த நீள மேசையின் முன் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் கையால் கண்ணை மறைத்துக்கொண்டாள்.

மேற்கு ஜன்னல் முழுக்க வெயில். எதிரே இருந்த கணினியில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. அடுத்த நாற்காலிக்கு மாறினாள். அதற்கடுத்ததற்கும் மாறிப் பார்த்தாள். இருபத்துநான்கு இடத்திலும் அதே கதைதான்.

மேசையை வரைந்தவன் அவள் கணவன் ஆன்சன். அலுவலகங்களுக்கு உள்அலங்காரம் செய்வது அவன் தொழில். மருத்துவமனை பில்களைச் சரிபார்க்கும் அழகுராஜாவின் கம்பெனிக்காக, ஜன்னலை ஒட்டி ஒரே வளைவாக ஓடும் மேசை. யார் தலை நிமிர்ந்தாலும் நாகமலை தெரிய வேண்டும் என்றான். வரைந்த நாட்களில் அவன் காலையில் மட்டும்தான் இங்கே வந்தான். பிற்பகல்களில் கதிர்வீச்சு சிகிச்சை. ஹெப்சிபாவும் மருத்துவமனையில் கூடவே இருந்தாள். இந்த ஹாலின் மூன்று மணியை இருவருமே பார்த்ததில்லை.

அவன் போய் ஐம்பது நாள். பள்ளிக்கூடத்தில் விடுப்பு சொல்லிவிட்டு, அவன் வரைந்தபடியே முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று வந்தவள் அவள்.

“அண்ணே, இந்த மேசைய மூணா அறுக்கணும்.”

ஆசாரி முத்திருளன் காதில் சொருகியிருந்த பென்சிலைக் கையில் எடுத்தார். “வெளையாடாதீக டீச்சர். இந்த வளைவுக்காக ஆன்சன் தம்பி எம்புட்டு மல்லுக்கட்டுச்சு! நாலு தடவ பிரிச்சு மாட்ட வச்சுச்சு.”

“தெரியும்ணே.”

“தெரிஞ்சுமா? எனக்குக் கை வராது.”

அவளுக்கும் மனசு வரவில்லை. அவன் வரைந்து கண்ணால் பார்த்த கடைசிப் பொருள் அது.

சத்தம் கேட்டு அழகுராஜா வந்தார். “எதுக்கு டீச்சர் இம்புட்டுப் பாடு? ஜன்னலுக்கு ஸ்க்ரீனப் போட்டு மூடி, டியூப்லைட்டப் போட்டுவிட்டா முடிஞ்சுச்சு. திங்கக்கிழமை பால் காய்ச்சணும். தள்ளிப்போச்சுன்னா வேற ஆளக் கூப்பிட்டுருவேன், கோவிச்சுக்காதீக.”

“மூடிட்டா மலை எங்க சார் தெரியும்? அதுக்கு குடோன்லயே உக்கார வைக்கலாமே.”

“மலை அம்புட்டு முக்கியமா?”

“அவருக்கு முக்கியம். மேசை வளையிறதா பெருசு? உக்காருறவுக மலையப் பாக்கணும். அதான் அவரு நெனச்சது.” சொன்ன பிறகுதான் அது அவளுக்கே விளங்கியது.

அழகுராஜா தாடையைத் தடவினார். “என் ரூமு கன்னி மூலைய விட்டு நகரக் கூடாது. சொல்லிட்டேன்.”

“தென்மேற்குதானே சார், நகராது. சாயங்கால வெயிலும் மொத்தமா உங்களுக்குத்தான்.”

முத்திருளன் சிரிப்பை இருமலாக்கினார். அழகுராஜாவும் சிரித்துவிட்டார். “திங்கக்கிழமை டீச்சர். ஒருநா கூடத் தர மாட்டேன்.”

ஹெப்சிபா தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டினாள். ஜன்னலை ஒட்டி ஆறடிக்கு நடை விடுவது, அதிலே உட்கார்ந்து சாப்பிட ஒரு பெஞ்சு. அதற்கு இந்தப் பக்கம் வடக்குப் பார்த்து மூன்று வரிசை. மலை இடது கைப்பக்கம் வரும். தலையைத் திருப்பினால் போதும்.

“கோடு நான் போடுறேன்ணே. நீங்க அறுங்க.”

பென்சிலை வாங்கி மேசையின் மேல் இரண்டு கோடு இழுத்தாள். இரண்டாவது கோடு கோணிப்போனது. அழித்து மறுபடி போட்டாள். முத்திருளன் மெஷினை ஓடவிட்டார். பலகை சரியாமல் மறுமுனையை அவளே பிடித்துக்கொண்டாள். மரத்தூள் புடவையெல்லாம் அப்பியது.

திங்கட்கிழமை பால் பொங்கியது. இருபத்துநான்கு பேரும் உட்கார்ந்தார்கள். மூன்று மணிக்கு வெயில் உள்ளே வந்து, பெஞ்சைத் தாண்டி, முதல் நாற்காலிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கண் கூசி யாரும் நிமிரவில்லை. ஹெப்சிபா சுவரோரமாக நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் கணினியை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா?”

“கெழக்கால இருக்குற கட்டடத்துக் கண்ணாடி வெளிச்சம் லேசா அடிக்குது மேடம். பரவால்ல.”

“பரவால்லன்னு சொல்லாத. கொஞ்சம் எந்திரி.”

ஹெப்சிபா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கழுத்தைச் சாய்த்து, நிமிர்த்தி, திரையைப் பார்த்தாள். “முத்திருளண்ணே,” என்று கூப்பிட்டாள், “இங்க வாங்க.”