அடுத்த வருஷம் யார் வீட்டில்?

ஷமீமா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குணசுந்தரிக்கு வயிறு எரிந்தது. வந்தவள் வெறுங்கையோடு வரவில்லை, தூக்கு நிறைய சமோசாவோடு வந்திருந்தாள். அந்தத் தூக்கைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தவள் பூமிகா.

"இன்னாடி, ரெண்டு பேரும் ஜோடி போட்டுக்கினு வரீங்க?" என்றாள் குணசுந்தரி, சிரிக்கிற மாதிரி.

"காலைலேந்து இவ ஊட்லதான் கீறேன். நூறு சமோசா மடிச்சேன், விரலே போச்சு" என்றாள் பூமிகா.

போன வருஷம் இதே ஞாயிற்றுக்கிழமை பூமிகா காலையிலேயே இங்கே வந்து வெங்காயம் நறுக்கினாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஒயர் கம்பெனி. அதன் பேக்கிங் பிரிவில் குணசுந்தரியும் பூமிகாவும் கிரேஸும் ஐந்து வருஷமாக ஒரே மேஜையில் வேலை செய்பவர்கள். வருஷாவருஷம் சினிமா விருது விழாவை டிவியில் போடும் நாளன்று குணசுந்தரி வீட்டில் கூடுவார்கள். ஏழு விருதுக்கு ஏழு டம்ளர். யாருக்கு எது கிடைக்கும் என்று ஒவ்வொருவரும் சீட்டு எழுதி, பேரைப் போட்டு மடித்து, டம்ளரில் போட வேண்டும். ஒவ்வொரு விருதையும் அறிவித்த பிறகு பூமிகா அந்த டம்ளரைக் கவிழ்த்துப் படிப்பாள். அதிகம் சரியாகச் சொன்னவள் வீட்டில்தான் அடுத்த வருஷக் கூட்டம். இதுவரை நடந்த மூன்று வருஷமும் ஜெயித்தவள் குணசுந்தரி. கூட்டம் அவள் வீட்டை விட்டு அசைந்ததே இல்லை.

விழா நடந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் டிவியில் வரும். அதற்குள் பேப்பரில் எல்லாம் வந்துவிடும். ஆகவே ஒரு சத்தியம் உண்டு: அந்த நாட்களில் யாரும் பேப்பரைத் தொடக் கூடாது.

இந்த வருஷம்தான் ஷமீமா வேலைக்குச் சேர்ந்தாள். பழவேற்காட்டுப் பெண். எந்தப் படத்தில் யார் வசனம், யார் ஒளிப்பதிவு என்று மூச்சுவிடாமல் சொல்வாள். அவள் புருஷன் ஆஷிக் இருபத்தொன்பது இஞ்ச் டிவி வேறு வாங்கிப் போட்டிருந்தான். சாப்பாட்டு நேரத்தில் பூமிகா இப்போது ஷமீமாவின் டப்பாவிலிருந்துதான் எடுத்துச் சாப்பிடுகிறாள். இந்தக் கூட்டமும் போய்விட்டால் பூமிகாவும் போனவள்தான் என்று குணசுந்தரி முடிவே கட்டிவிட்டாள்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை, பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பழைய பேப்பர் கட்டைப் பிரித்து, விருதுப் பட்டியலை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். ஏழும் சரியாக இருந்தால் சந்தேகம் வரும் என்று இரண்டை வேண்டுமென்றே தப்பாக எழுதினாள். அவ்வளவு முன்ஜாக்கிரதை.

"சத்தியம் பண்ணுங்க எல்லாரும்" என்றாள் கிரேஸ். நால்வரும் டிவி மேல் கை வைத்தார்கள். குணசுந்தரியின் கைதான் முதலில் போனது.

விழா ஆரம்பித்தது. சிறந்த இயக்குநரில் ஷமீமாவுக்கு ஒன்று, குணசுந்தரிக்கு ஒன்று. இசையில் ஷமீமா மட்டும். நகைச்சுவையில் குணசுந்தரி மட்டும். கிரேஸுக்கு எதுவுமே வாய்க்கவில்லை.

"நீ சமோசா துன்னத்தான் வந்தியாடி?" என்றாள் பூமிகா.

"பின்ன? சீட்டு எழுதுறதுக்காவது பேனா மையி செலவாவுது, இது ஓசிதானே" என்றாள் கிரேஸ்.

ஆறு டம்ளர் கவிழ்ந்தபோது ஷமீமா நான்கு, குணசுந்தரி நான்கு, பூமிகா ஒன்று. பேப்பரைப் பார்த்து எழுதியவளோடு, பார்க்காமல் எழுதியவள் சரிசமமாக நிற்கிறாள்! குணசுந்தரி கடித்த சமோசாவைத் தட்டிலேயே வைத்தாள். மிச்சம் இருந்தது சிறந்த நடிகை.

மேடையில் உறையைப் பிரித்தவர் ஒரு கணம் விழித்தார். "நிவேதிகா... மற்றும் சாருபாலா! இருவருக்கும்!"

"ரெண்டு பேருக்கா?" கிரேஸ் எழுந்தே விட்டாள். "இப்பிடிக் குடுத்ததே இல்லியே!"

"அல்லா, யாருதான் இதை நெனச்சிருப்பாங்க!" என்று ஷமீமா கன்னத்தில் கை வைத்தாள். "நான் சாருபாலான்னு எழுதினேன் அக்கா. அது செல்லுமா?"

"செல்லும், செல்லும்" என்றாள் பூமிகா. டம்ளரைக் கவிழ்த்து அடுத்த சீட்டைப் பிரித்தாள்.

குணசுந்தரிக்கு அப்போதுதான் உறைத்தது. பேப்பரில் இருந்ததை அப்படியே எழுதியிருந்தாள். நிவேதிகா, சாருபாலா, இருவருக்கும்.

பூமிகா சீட்டைப் பார்த்தாள். நிமிர்ந்து குணசுந்தரியைப் பார்த்தாள். மறுபடி சீட்டைப் பார்த்தாள்.

"இன்னா எழுதிக்கீது?" என்று எட்டிப் பார்த்தாள் கிரேஸ்.

பூமிகா சீட்டைக் கைக்குள் கசக்கினாள். "வேற யாரோ பேரு. தப்பு. ஷமீமா அஞ்சு, குணா நாலு. அடுத்த வருஷம் ஷமீமா ஊடு!"

ஷமீமா குதித்துவிட்டாள். குணசுந்தரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க இல்லாம என்னால ஆவாது. நீங்கதான் வந்து கூட நிக்கணும்."

"வரேன்" என்றாள் குணசுந்தரி. அடுக்களைக்குள் போய்விட்டாள்.

பின்னாலேயே பூமிகா வந்தாள். கசங்கிய சீட்டை அவள் கையில் திணித்தாள்.

"வெக்கமா இல்லியாடி? டிவி மேல கை வெச்சியே!"

"நீ ஏன் சொல்லல?"

"அவங்க முன்னால உன் மூஞ்சி தொங்குறதப் பாக்க என்னால முடியாது. அதான்."

குணசுந்தரிக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அழுகை முட்டியது. "அவ வந்ததுலேந்து நீ என்னை மறந்துட்டடி."

"மறந்திருந்தா சீட்டைச் சத்தமா படிச்சிருப்பேன், லூசு" என்றாள் பூமிகா. இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"பூமி, இங்க வாயேன்! என் ஊட்ல டிவியை எங்க வெக்கலாம்னு சொல்லு!" என்று கூடத்திலிருந்து ஷமீமா கூப்பிட்டாள்.

பூமிகா போய்விட்டாள். குணசுந்தரி சீட்டை அடுப்பில் காட்டி எரித்தாள். கூடத்தில் இரண்டு பேரும் வாசலுக்கு எதிராக வைக்கலாம், நல்ல காற்று வரும் என்று பேசிச் சிரிப்பது கேட்டது. கேட்கக் கேட்க அடிவயிறு மறுபடி காந்தியது. எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்?

"வாசலுக்கு எதிர வெக்காதீங்கடி!" என்று அடுக்களையிலிருந்தே கத்தினாள். "மூணு மணி வெயில் நேரா மூஞ்சில அடிக்கும், படமே தெரியாது. நான் வந்து வெச்சுத் தரேன், அதுவரைக்கும் யாரும் கை வெக்காதீங்க!"