பணம் வந்த சேதி

ஜோகுபாளையத்தில் சர்க்கார் பணத்துக்காகக் காத்திருக்கும் பெண்கள் நிறைய. பணம் வந்துவிட்டது என்று சொல்லப்போகிற குரலுக்காகக் காத்திருந்தவள் தமயந்தி ஒருத்திதான்.

குடும்பத் தலைவிகளுக்கு மாதம் இரண்டாயிரம் என்று அறிவித்தபோது அவள் வீட்டில் இருந்தது ஒரே போன். அது கணவன் ரகுராமுடையது. பேங்க்கில் அந்த நம்பரையே கொடுத்தாள். பணம் இவளுக்கு, மெசேஜ் அவனுக்கு என்று ஆகிவிட்டது.

முதல் பணம் வந்த கையோடு ரகுராமுக்கு ஊருக்கு வெளியே அத்திபெலே குடோன் ஒன்றில் வேலை கிடைத்தது. இனிமேல் உனக்கென்ன கவலை, சர்க்காரே கொடுக்கிறதே என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். கணவன் என்கிற வேலையில் ஒரு பகுதியைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டதும், மிச்சப் பகுதிக்கு அவன் லீவு போட்டுவிட்டான். வாராவாரம் வந்தவன் மாதத்துக்கு ஒருமுறை வந்தான். பிறகு வரவேயில்லை, அவன் சம்பளமும் வரவில்லை. மெசேஜ் வந்ததும் போன் மட்டும் செய்வான். பணம் வந்திருக்கு, எடுத்துக்கோ என்பான். சாப்பிட்டீர்களா என்பாள். ம் என்பான். அந்த ஒரு ‘ம்’மை வைத்துக்கொண்டு தமயந்தி அடுத்த மாதம் வரை ஓட்டுவாள்.

இந்த முறை தெருவில் எல்லோருக்கும் பணம் வந்துவிட்டது. ரகுராம் கூப்பிடவில்லை. சர்க்கார்தான் தன்னை மறந்துவிட்டது என்று தமயந்தி நம்பினாள். அப்படி நம்புவது சுலபமாக இருந்தது. பக்கத்து வீட்டு லீனா, உன் புருஷன் என்ன பேங்க் மேனேஜரா என்று அதட்டி, அவளைப் பேங்குக்கே இழுத்துப் போனாள். பாஸ்புக் மெஷின் கறகறவென்று அடித்துக் கொடுத்தது. பணம் வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

சர்க்கார் மறக்கவில்லை.

கவுண்டரில் இருந்தவர் போன் நம்பரை மாற்றிக்கொள்ளச் சொன்னார். அவன் போன பிறகு தமயந்தியும் சொந்தமாக ஒரு போன் வாங்கியிருந்தாள். லீனா அந்த நம்பரைச் சொல்லவே ஆரம்பித்துவிட்டாள்.

“வேணாம் சார். பழைய நம்பருக்கே போகட்டும்.”

“பைத்தியமாடி உனக்கு? அவன்தான் சொல்றதே இல்லையே.”

“சொல்லாட்டி போறாரு, அக்கா. நான் ஒருத்தி இருக்கேன்னு மாசம் ஒரு வாட்டியாவது அங்க தெரியட்டும்.”

லீனாவுக்குக் கோபம். பணம் வந்தால் மட்டுமல்ல, எடுத்தாலும் அவனுக்குத்தான் மெசேஜ் போகும், நீ எடுப்பதெல்லாம் அவன் கண்ணில் படும் என்று வழியெல்லாம் பயமுறுத்திக்கொண்டே வந்தாள். தமயந்தி சட்டென்று நின்றாள்.

“எடுத்தாலுமா?”

அந்தப் பக்கத்து ஏடிஎம்கள் ஐநூறாகத்தான் துப்பும். நூறு தரும் மெஷின் ஒன்று அல்சூர் ஏரிப் பக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் அங்கே நடந்து போய் நூறு எடுத்தாள். மறுநாளும், அதற்கடுத்த நாட்களிலும் போய் நூறு நூறாக எடுத்தாள். இலவசமாக எடுக்கும் தடவைகள் தீர்ந்து, பேங்க் கட்டணம் பிடிக்கத் தொடங்கியது. அதற்கும் தனியாக மெசேஜ் போகும் என்று யாரோ சொன்னார்கள். அவளுக்கு அது ஒரு சலுகையாகவே பட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவள் மெஷின் முன்னால் நிற்கும்போது போன் அடித்தது.

“எதுக்குடி நூறு நூறா எடுக்கற? இங்க போன் கத்திக்கிட்டே இருக்கு.”

“சாப்டீங்களா?”

அந்தப் பக்கம் ஏதோ லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.

“ம்” என்றான். போனை வைக்கவில்லை. “நீ?” என்றான்.

இத்தனை மாதத்தில் அவன் கேட்காத கேள்வி. அவள் வாயைத் திறப்பதற்குள் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், லைன் போய்விட்டது.

வரிசையில் பின்னால் நின்றவர், ஆச்சாம்மா என்று கேட்டார். இன்னும் இல்லை என்று தலையாட்டிவிட்டு, தமயந்தி கார்டை மறுபடியும் உள்ளே செருகினாள். அவனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.