அடிக்குறிப்பில் வசிப்பவர்

மெத்தைக் கடையின் பின்னறையில், பாலித்தீன் சுற்றிச் சுவரோரம் நிறுத்தியிருந்த மெத்தைகளுக்கு நடுவே ஒரு மேஜையைப் போட்டு அவனுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அன்று மத்தியானம் அவன் கடையின் இணையதளத்தில் ஒரு கட்டுரையை ஒட்டிக்கொண்டிருந்தான். ‘தம்பதியில் ஒருவர் கனமானவர், மற்றவர் மெலிந்தவர் என்றால் எந்த மெத்தை வாங்குவது?’ என்பது தலைப்பு. ஒட்டுவதற்குப் படிக்க வேண்டியதில்லை. மொத்தமாகப் பிடித்து எடுத்து, இங்கே கொண்டுவந்து இறக்கி, தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி, நடுவே இரண்டு இடத்தில் கடையின் பெயரைச் செருகாமல் விட்டால் போதும். செருகக் கூடாது என்பது நிபந்தனை.

மனைவி இறந்த பிறகு, சொன்னதைச் செய்வது அவனுக்குச் சுலபமாக இருந்தது. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டான். முடிவெட்டிக்கொள்ளச் சொன்னால் வெட்டிக்கொண்டான். காப்பீட்டு அலுவலகத்தில் எடுத்த விடுப்பு நீண்டு நீண்டு வேலையே போனபோது, அவளுடைய அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்று, “நாளைலேந்து கடைக்கு வாங்க மாப்ளே, சும்மா உக்காந்திருந்தா போதும்” என்றார். வந்தான். சும்மா உட்கார்ந்திருந்தான். அப்புறம் இந்த வேலை வந்தது.

வேலை வந்த காரணம் எதிர்ச்சாரியில் திறந்த பெரிய கடை. நாலு மாடி, நகரும் படிக்கட்டு, உள்ளே நுழைந்தால் குளிர். மச்சான் அதைப் பார்த்துப் பயப்படவில்லை. அவர் பயந்தது ஒரு நாள் போனில் ‘மெத்தை’ என்று தேடிப் பார்த்தபோதுதான். எதிர்க்கடை முதலில் வந்தது. தன்னுடையதைத் தேடிக் கீழே கீழே போய், ஆறாம் பக்கத்தில், எப்போதோ மூடிப்போன ஒரு கடைக்கும் கீழே கண்டுபிடித்தார். “செத்த கடைக்குக் கீழ கிடக்கறேன் மாப்ளே” என்று சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அடுத்த வாரமே தேடல் வரிசையை உயர்த்தித் தரும் ஓர் ஆளைப் பிடித்தார். பேச்சுக்குப் பேச்சு முதல் பக்கம், முதல் பக்கம் என்பான் என்பதால் வீட்டில் அவன் பெயரே முதல்பக்கம் ஆகிவிட்டது. அவன் அனுப்பிவைத்ததுதான் இந்த இலவசக் கட்டுரை மூட்டை. “யாரோ எழுதினது சார். யார் வேணா எடுத்துப் போட்டுக்கலாம். தளத்துல சரக்கு நிறைய இருக்குன்னு காட்டணும், அவ்வளவுதான்.” காசு கிடையாது. கட்டுரையை மாற்றக் கூடாது, அடியில் எழுதியவரைப் பற்றியிருக்கும் குறிப்பையும் அவருடைய தள இணைப்பையும் எடுக்கக் கூடாது. இந்த இரண்டுதான் விலை.

அந்தக் குறிப்பை அவன் இதுவரை படித்ததில்லை. அன்று, எழுத்தின் அளவு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கப்போய்ப் படித்துவிட்டான். ‘கட்டுரையாளர் வீட்டுச் சாமான்கள் பற்றி எழுதுகிறார். மனைவியோடும் காது கேளாத ஒரு நாயோடும் வசிக்கிறார்.’

மெத்தை வாங்க வருகிறவனுக்கு நாயின் காதைப் பற்றி எதற்கு என்று தோன்றியது. அவ்வளவுதான். அதோடு விட்டிருப்பான். ஆனால் வேறு எந்தெந்தத் தளங்கள் இதே கட்டுரையைப் போட்டிருக்கின்றன என்று பார்த்துவைக்கும்படி முதல்பக்கம் சொல்லியிருந்தான். நடுவிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துத் தேடலில் போட்டான். வந்து கொட்டியது. முதுகுவலி வைத்தியசாலை, தங்கும் விடுதி, லாரி ஓட்டுநர் இருக்கைக்கு உறை தைப்பவர், விவாகரத்து வழக்கறிஞர். வழக்கறிஞர் ஏன் போட்டார் என்று யோசித்தபோது அவன் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம். உறை தைப்பவரின் பக்கத்தைத் திறந்து அடிவரை போனான். ‘காது கேளாத ஒரு நாயோடு வசிக்கிறார்.’

மனைவி இல்லை.

விரல் எலிப்பொறியில் மாட்டிய மாதிரி நின்றது. மேலே போய்க் கட்டுரையைச் சரிபார்த்தான். வரிக்கு வரி அதேதான். அடியில் மட்டும் அவளைக் காணவில்லை. விடுதியின் பக்கத்தைத் திறந்தான். ‘தனியாக வசிக்கிறார்.’ அங்கே நாயும் இல்லை.

விஷயம் அவனுக்கு மெல்லப் பிடிபட்டது. அந்த மனிதர் கட்டுரையை ஒரே தடவை எழுதிப் போட்டிருக்கிறார். அடிக்குறிப்பை மட்டும் அவ்வப்போது திருத்தியிருக்கிறார். எடுத்துப் போட்டவர்களோ எடுத்த அன்றைக்கு இருந்ததை அப்படியே வைத்திருக்கிறார்கள். மாற்றக் கூடாது என்பதுதானே நிபந்தனை. ஆகவே ஒருவருடைய வீடு, வெவ்வேறு நாட்களில் இருந்த நிலையில், முதுகுவலிக்காரர்களிடமும் வழக்கறிஞர்களிடமும் சிதறிக் கிடந்தது. அவன் ஒவ்வொன்றாகத் திறந்தான். மூன்று விதம்தான். மனைவியும் நாயும், நாய், தனியாக. எந்தப் பக்கத்திலும் தேதி இல்லை. சாயங்காலம் ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டபோதுதான், டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்ததைப் பார்த்தான்.

மறுநாள் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்த மச்சான் மனைவி, திரையில் அடுத்தடுத்து நின்ற மூன்று அடிக்குறிப்புகளைப் பார்த்தாள். அவளை அவன் அக்கா என்பான்.

“யாரு தம்பி இந்த ஆளு?”

“கட்டுரை எழுதினவரு. பாவம். முதல்ல வீட்டுக்காரம்மா போயிட்டாங்க. அப்பறம் நாய். இப்ப தனியா இருக்காரு.”

அவள் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டாள். இரண்டு தடவை படித்தாள்.

“போயிட்டாங்கன்னு எங்க போட்டிருக்கு?”

“போடுவாங்களா?”

“இல்ல, நான் படிச்சா வேற மாதிரில்ல இருக்கு. ஒண்டிக்கட்டையா இருந்தாரு. ஒரு நாய் வளத்தாரு. அப்பறம் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. நல்ல சேதியால்ல இருக்கு! நீங்க எதுக்கு இதைப் பின்னாலேந்து படிக்கிறீங்க?”

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை அவள். பாத்திரத்தின் மூடியைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தினாள். “நாய்க்குக் காது கேக்காததும் நல்லதுதான். புதுசாக் கட்டிக்கிட்டு வந்தவ பேசறதைக் கேக்க வேணாம்ல” என்றாள். “உங்க மச்சானுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.”

அவள் போன பிறகு மூன்று வரிகளையும் அவள் சொன்ன வரிசையில் படித்துப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. ஒரு சொல் கூட இடிக்கவில்லை. மறுபடி தன் வரிசையில் படித்தான். அதுவும் இடிக்கவில்லை. தனியாக வசிக்கிறார் என்பது ஒன்று முதல் வரி, அல்லது கடைசி வரி. இரண்டில் எது என்று தெரிந்தாக வேண்டும் என்று இருந்தது அவனுக்கு. பசி மாதிரி. வெகுநாளாக எதுவும் தெரிந்தாக வேண்டும் என்று அவனுக்கு இருந்ததில்லை. மருத்துவர்கள் அவளுக்கு என்ன வந்தது என்று விளக்கியபோது கூட, அவன் தலையாட்டிக்கொண்டு அவர்களுடைய பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இணைப்பைப் பிடித்துப் போனான். சுமாரான ஒரு தளம், ஒரு மின்னஞ்சல் முகவரி. நீளமாக ஒன்று எழுதினான். தன்னைப் பற்றிய இடம் வந்தபோது முழுவதையும் அழித்தான். கடைசியில் மிஞ்சியது இதுதான்: ‘உங்கள் மெத்தைக் கட்டுரையை எங்கள் கடைத் தளத்தில் போடுகிறோம். உங்களைப் பற்றிய குறிப்பு மூன்று விதமாகக் கிடைக்கிறது. இவற்றில் எது கடைசியானது?’

பதில் வருவதற்கு முன் முதல்பக்கம் வந்தான். கல்லாவில் மச்சான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தளத்தை மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினான்.

“சார், ஒவ்வொரு கட்டுரைக்கு அடியிலயும் அந்த ஆளோட லிங்க் நிக்குது. நம்ம தளத்தோட மதிப்பு அது வழியா அவருக்குப் போகுது. ஓட்டை வாளில தண்ணி மொள்ற கதை. எல்லாத்தையும் தூக்கிடுங்க.”

“தூக்கலாமா?” என்றார் மச்சான்.

“எவன் சார் வந்து பாக்கப் போறான்? பாதிப் பேர் தூக்கிட்டுத்தான் போடறான்.”

“அப்ப தூக்கிடுங்க மாப்ளே. அவரு பொண்டாட்டியோட இருந்தா நமக்கென்ன, நாயோட இருந்தா நமக்கென்ன?”

“முடியாது மச்சான்.”

கடையில் யாரோ பாலித்தீனை உரித்துக்கொண்டிருந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. மச்சான் அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் இந்தக் கடைக்கு வந்ததிலிருந்து சரி, உம், பாக்கறேன் என்ற மூன்றைத் தவிர அவர் வேறு கேட்டதில்லை.

“என்ன முடியாது?”

“அதுதான் விலை. அவர் கேட்டது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டா அது திருட்டு.”

“சார் ரொம்ப நேர்மை பாக்கறாரு,” என்று முதல்பக்கம் சிரித்தான். “நேர்மைக்கு ஆறாம் பக்கம்தான் சார் குடுப்பாங்க.”

“அவருக்கு எழுதிக் கேட்டிருக்கேன்” என்றான் அவன். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. “எந்தக் குறிப்பைப் போடறதுன்னு. பதில் வரட்டும்.”

மச்சான் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார். எதிர்க்கடையின் விளக்குகள் கண்ணாடிக் கதவில் விழுந்து அவர் தோளில் நகர்ந்தன. கோபப்பட நினைத்து அது வராமல் போன முகமாக இருந்தது. “வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம்” என்றார் கடைசியில். “அதுக்குள்ள அந்த நாய்க்காரர் எழுதலேன்னா தூக்கிடணும். எனக்கும் கடை நடக்கணும்ல மாப்ளே.”

முதல்பக்கம் போனதும் அவர் உள்ளே எட்டிப் பார்த்து மனைவியிடம், “ஏய், நம்ம மாப்ள என்னை எதுத்துப் பேசறாருடி” என்று சொன்னது அவனுக்குக் கேட்டது. புகார் சொல்கிற குரல் இல்லை அது.

வியாழக்கிழமை வரை ஒன்றும் வரவில்லை. அஞ்சல் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தான். கட்டுரையையும் படித்தான், முதல்முறையாக, ஒழுங்காக. நன்றாகவே எழுதியிருந்தார். கனமானவர் பக்கம் பள்ளம் விழும்; மெலிந்தவர் தூக்கத்தில் அந்தப் பள்ளத்தை நோக்கி உருளுவார்; காலையில் இருவரும் ஒரே ஓரத்தில் கிடப்பார்கள், யார் இடத்தை யார் பிடித்தார்கள் என்ற சண்டையோடு. தனியாக இருக்கிற ஆள் எழுத முடியுமா இதை? அப்படியானால் எழுதும்போது அவள் இருந்திருக்க வேண்டும். அல்லது அடுத்த வீட்டைப் பார்த்து எழுதினாரா? மெத்தை பற்றி எழுதச் சொன்னால் ஒருவர் யாரைக் கேட்பார்? எதிலும் நிலைக்காமல் யோசனை ஓடிக்கொண்டே இருந்தது. அவன் அதைத் தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதில் இருந்தது.

‘அன்பருக்கு. இத்தனை வருடத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள். கடைசியும் தனியாகத்தான், முதலும் தனியாகத்தான். முதலில் தனியாக இருந்தேன். அப்போது எழுதிய கட்டுரை அது. எடை விஷயமெல்லாம் என் அக்காவும் அத்தானும் போட்ட சண்டையிலிருந்து எடுத்தது. பிறகு நாய் வந்தது. நாயைத் தேடிக்கொண்டு பக்கத்துத் தெருவிலிருந்து அவள் வந்தாள், அது அவளுடைய நாய் என்று சொல்லிக்கொண்டு. திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்றேன். கல்யாணத்தில் முடிந்தது. பிறகு அவள் போனாள். நாய் மூன்று வருடம் இருந்துவிட்டுப் போனது. குறிப்பைத் திருத்த உட்கார்ந்தபோது புதிதாக எழுத எதுவும் இல்லை. பழைய வரிகளே கைவசம் இருந்தன, அவற்றையே ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டேன். மூன்றும் ஏதோ ஒரு நாளில் உண்மை, ஆகவே நீங்கள் எதைப் போட்டாலும் தப்பில்லை. இப்போது ஒரு பூனை வருகிறது. சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறது. அதை என்னோடு வசிக்கிறது என்று சொல்லலாமா என்று இன்னும் முடிவாகவில்லை. முடிவானால் எழுதுகிறேன்.’

அவன் அதை இரண்டாம் முறை படித்தான். பூனை என்ன நிறம் என்று அவர் எழுதவில்லை. கேட்டு எழுத வேண்டும் என்று நினைத்தான். தளத்தில் மெத்தைக் கட்டுரைக்கு அடியில் குறிப்புக்கான கட்டம் திருத்துவதற்குத் திறந்திருந்தது. மூன்றில் எதைப் போடுவது?

“மாப்ளே, கொஞ்சம் வாங்க!”

வெளியே கடை நடுவில் ஒரு பெரிய மனிதர் நின்றுகொண்டிருந்தார். எல்லா வகையிலும் பெரியவர். இரட்டை மெத்தை ஒன்றின் மேல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். அவருடைய மனைவிக்குக் காலில் கட்டு, மாடி இறங்கி வர முடியவில்லை. ஆனால் சரிபார்க்காமல் மெத்தையை வாங்கி வந்தால் வீட்டுக்குள் விட மாட்டாள் என்று சொல்லியனுப்பியிருக்கிறாள்.

“என் பக்கம் பள்ளம் விழுமாம். அவ உருண்டு வந்துடறாளாம். முப்பது வருஷமா இதே பல்லவி,” என்றார். அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க கிட்டத்தட்ட எங்க வீட்டுக்காரம்மா அளவுதான் இருக்கீங்க. தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. அந்தப் பக்கம் கொஞ்சம் படுங்களேன்.”

மச்சான் வாயைத் திறந்தார். வேண்டாம், நான் படுக்கிறேன் என்று சொல்ல வந்தவர், தன் வயிற்றைக் குனிந்து பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அக்கா கல்லாவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் செருப்பைக் கழற்றினான். மெத்தையின் இடது ஓரமாக உட்கார்ந்து, காலைத் தூக்கி வைத்து, மல்லாந்து படுத்தான். பாலித்தீன் முதுகுக்கடியில் சரசரத்தது. மேலே கூரையில் விளக்குக் குழல் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

“தயாரா?” என்றார் பெரியவர்.

“படுங்க.”

அவர் மூச்சுவிட்டுக்கொண்டு மறுபக்கம் சாய்ந்தார். மெத்தை அந்தப் பக்கமாக இறங்கியது. அந்த இறக்கம் அடியில் மெல்லப் பயணம் செய்து தன் தோளுக்கு வந்து சேர்வதை அவன் உணர்ந்தான்.

“உருளுறீங்களா?”

“இன்னும் இல்ல” என்றான் அவன். “திரும்பிப் படுங்க, பாப்போம்.”