பாதி வாசித்த கடிதம்

அப்பாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வைத்து, கிழித்த வேட்டித் துணியால் வேம்பு கட்டிக்கொண்டிருந்தபோது பண்ணைக் காரியஸ்தர் சிங்காரவேலு தலையைக் குனிந்து உள்ளே வந்தார். கீழத்தெருவுக்குள் அவர் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. ஆள் வேண்டுமென்றால் தெருமுனையில் நின்று குரல் கொடுப்பார். இன்று கொட்டுக்காரர்கள் வருவதற்கு முன்பே அவர் வந்துவிட்டார். வந்தவர் இறந்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்பங்கரை, பரண், மூலையில் கிடந்த சாக்கு என்று கண்ணை ஓட்டினார்.

“ஒங்கப்பன் தகரப் பெட்டி ஒண்ணு வெச்சிருந்தானே, அது எங்க இருக்கு?”

வேம்பு முடிச்சை இறுக்கினாள். “எதுக்குங்க?”

“கார் சாவி அதுல இருக்கும்.”

“சாவி கார்லயே தொங்குதுன்னு வண்டிக்காரர் சொன்னாருங்களே.”

சிங்காரவேலு மூலையில் கிடந்த சாக்கைக் காலால் நகர்த்திப் பார்த்தார். பண்ணையின் சின்னய்யா பஞ்சநதம் மெட்ராஸிலிருந்து கிளம்பிவிட்டார் என்றும், அவர் வந்து பார்க்கும்வரை எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டு வெளியே போனார். சற்று நேரத்தில் பண்ணையிலிருந்து பத்து நாற்காலியும் புது வேட்டியும் ஒரு வண்டி விறகும் வந்து இறங்கின. தெருப் பெண்கள் வாயில் கைவைத்துப் பார்த்தார்கள். பண்ணையில் முப்பது வருஷம் உழைத்துச் செத்த வேறு யாருக்கும் ஒரு முழப் பூகூட வந்ததில்லை.

பொங்கல் முடிந்து ஐந்தாம் நாள் அது. விடியுமுன் எழுந்து, கார் ஷெட்டுக்குப் போய், அம்பாசிடரைத் துடைத்துக்கொண்டிருந்த இளையபெருமாள் அப்படியே முன்சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்தவர் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. பண்ணையில் கார் ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

இறக்கிவைத்தபோதே வேம்பு ஒன்றைக் கவனித்தாள். சட்டைப் பையின் உள்துணி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா எப்போதும் அந்தப் பையில் கண்ணாடியும் அதன் பின்னால் ஒரு இன்லண்ட் கடிதமும் வைத்திருப்பார். கண்ணாடி இடுப்பு மடிப்பில் இருந்தது, கடிதத்தைக் காணவில்லை. வண்டிக்காரரைக் கேட்டாள். தான் தொடவே இல்லை, காரியஸ்தர்தான் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார் என்றார் அவர்.

வேம்புக்கு இருபத்திரண்டு வயது. கீழத்தெருவிலிருந்து ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குப் போன முதல் பெண். எதையும் இரண்டு தரம் வாசித்துப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. இந்தப் பெட்டியை ஏன் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் அழ முடியாது போலிருந்தது.

பெட்டியில் என்ன இருக்கிறதென்று ஊருக்கே தெரியும். கார் பந்தயக் கடிதங்கள்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பண்ணையின் இளைய பிள்ளை பஞ்சநதம் காலேஜில் படித்தபோது, அவரை ஏற்றிக்கொண்டு சோழவரத்துக்குப் போனார் அப்பா. பழைய விமானத் தளத்தில் சக்கரங்களெல்லாம் வெளியே தெரிய, கூரையில்லாத கார்கள் சீறிப் பாய்வதை முதலாளியும் டிரைவரும் ஒரே வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அதே பேச்சு. பஞ்சநதம் மெட்ராஸில் டயர் கம்பெனி வேலைக்குப் போன பிறகு பேச்சு கடிதமாயிற்று. லண்டனிலிருந்து கப்பலில் வரும் பத்திரிகையைப் படித்துவிட்டு, உலகத்தின் பெரிய பந்தயத்தில் என்ன நடக்கிறதென்று தமிழில் எழுதுவார். மார்கழி, தையில் கடிதம் அதிகம் வரும். அப்போது பந்தயமே நடக்காது.

“பந்தயம் நடக்கறப்ப பேசறதுக்கு என்ன இருக்கு? ஜெயிச்சவன் ஜெயிச்சான், தோத்தவன் தோத்தான். பந்தயம் இல்லாத மாசத்துலதான் பேச்சு” என்பார் அப்பா.

எந்த டிரைவர் எந்தக் கம்பெனிக்குத் தாவுகிறான், யார் புது வண்டி கட்டுகிறான், எது வெறும் வதந்தி. கடிதம் வந்த அன்று நன்னிலம் டாக்ஸி ஸ்டாண்டில் அப்பாவைச் சுற்றிக் கூட்டம் கூடும். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிப்பார். இந்த வருஷம் ஆறு சக்கரக் கார்தான் ஸ்டாண்டையே இரண்டாக்கியிருந்தது. முன்னால் நாலு குட்டிச் சக்கரம், பின்னால் இரண்டு பெரிய சக்கரம். சோதனை ஓட்டம்கூட விட்டுப் பார்த்துவிட்டார்களாம். பத்திரிகைக்காரர்களை ஏமாற்ற ஜோடித்த பொம்மை என்றது ஒரு கட்சி. முன்சக்கரம் சின்னதானால் காற்று தடுக்காது, நாலும் சேர்ந்து திரும்பினால் வளைவில் பிடி கிடைக்கும் என்று டீ கிளாஸ்களை அடுக்கிக் காட்டி வாதாடினார் அப்பா.

பதினோரு மணிக்கு டாக்ஸிக்காரர் கலந்தர் வந்தார். அந்த வாதத்தில் எதிர்க்கட்சி அவர்தான். இளையபெருமாளின் தலைமாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வேம்புவைக் கொல்லைப் பக்கம் வரச்சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

“காரியஸ்தர் எதுக்கும்மா இங்கயே சுத்துறாரு?”

பெட்டியைக் கேட்டதைச் சொன்னாள். கலந்தர் முகம் மாறியது. தாலுகா ஆபீஸ்காரர்கள் இரண்டு வாரமாகத் தன் வண்டியில்தான் கிராமம் கிராமமாகப் போகிறார்கள் என்றார். சட்டம் சொல்லும் உச்சவரம்புக்கு மேல் வைத்திருக்கும் நிலத்தைப் பண்ணையார்கள் யார் யார் பெயரில் ஒளித்திருக்கிறார்கள் என்று பட்டியல் எடுக்கிறார்களாம். டெல்லியில் நெருக்கடி நிலை அறிவித்ததிலிருந்து கெடுபிடி. சென்னையில் ஆட்சி எந்த நேரமும் கலையலாம், அதற்குள் முடித்தாக வேண்டும் என்று பின்சீட்டில் பேசிக்கொண்டு வந்தார்களாம்.

“அதுல ஒங்கப்பா பேரு அடிபட்டுச்சு. வாய்க்கால் மதகுக்குக் கீழண்ட பன்னெண்டு மா. அவருகிட்டயே கேட்டேன். சிரிச்சுட்டு ஆறு சக்கரத்தப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டாரு.”

வேம்பு மனதுக்குள் கணக்குப் போட்டாள். பன்னிரண்டு மா என்றால் ஏறக்குறைய நாலு ஏக்கர். ஒரு குழி நிலத்துக்காக விவசாயச் சங்கத்துக்காரர்கள் கொடி நட்டு அடிவாங்கிய ஊர் இது. அப்பாவை அந்தச் சங்கத்தில் ‘பண்ணை ஆள்’ என்று சொல்வார்கள். அவளே ஒரு தரம் அவரிடம் அப்படிச் சொல்லி, இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறாள். பண்ணை நிலத்தைத் தன் பெயரில் ஒளித்துவைக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரா? வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமலா?

“இன்னொண்ணு” என்றார் கலந்தர். “எல்லா லெட்டரையும் முழுசாப் படிப்பாரு. ஆடி மாசம் வந்த ஒண்ணுல மட்டும் மேல நாலு வரிய விட்டுட்டுப் படிச்சாரு. நான் எட்டிப் பாத்தேன், மடிச்சுட்டாரு.”

தகரப் பெட்டி நெல் குதிருக்குப் பின்னால் இருந்தது. வெளியே ஒப்பாரி ஏறிக்கொண்டிருந்தபோது வேம்பு குதிருக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். எந்த வரியைப் பார்த்தாலும் சந்தேகமாக இருந்தது. ‘அவன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, வெளியில் சொல்லாதே’ என்றொரு கடிதம். படித்துக்கொண்டே போனால், அது யாரோ இங்கிலாந்துக்கார டிரைவர். கம்பெனி மூடிவிட்டதால் கார் இல்லாமல் நிற்பவன். இரண்டு தடவை உலகப் பட்டம் வாங்கிய பிரேசில்காரன் பெரிய கம்பெனியை உதறிவிட்டு அண்ணனுடைய சொந்தக் கம்பெனிக்குப் போனதை இன்னொரு கடிதம் சொன்னது. ‘முட்டாள்தனம் என்று நான் நினைத்தேன். சொந்த வண்டியில் கடைசியாக வந்தாலும் தூக்கம் வரும் என்று எழுதியிருந்தாய். நீ சொன்னதுதான் சரி, இளையபெருமாள்.’

வேம்பு அந்த வரியை மறுபடி வாசித்தாள். நீ சொன்னதுதான் சரி. பண்ணையில் அப்பாவிடம் அப்படிச் சொன்னவர் வேறு யாரும் இருக்க முடியாது. இந்த ஒரு வார்த்தைக்காகவா அப்பா கையெழுத்துப் போட்டார்?

ஆடி மாசத்துக் கடிதம் அடியில் இருந்தது. மேல் நாலு வரி:

‘ரிஜிஸ்தர் ஆபீசில் நீ போட்ட கையெழுத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காதே. நிலம் உன் பெயரில் இருக்கும், அவ்வளவுதான். சட்டத்தின் வேகம் அடங்கியதும் மாற்றி எழுதிக்கொள்ளலாம். உன்னைத் தவிர வேறு யாரையும் நம்ப எங்கள் அப்பாவுக்கு இஷ்டமில்லை, நான்தான் உன் பெயரைச் சொன்னேன்.’

ஐந்தாவது வரியிலிருந்து ஜெர்மனியில் நடக்கப்போகும் பந்தயம்.

காரியஸ்தர் அப்பாவின் சட்டைப் பையில் தேடியது இதைத்தான். அவள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மற்றதைப் பழையபடி கட்டினாள். கடைசியாக வந்த ஒன்று ஒட்டுப் பிரிக்காமல் இருந்தது. அதையும் மேலே வைத்துக் கட்டினாள்.

பஞ்சநதம் இரண்டு மணிக்கு வந்தார். சட்டை கசங்கியிருந்தது, கண் சிவந்திருந்தது. மாலையை வைத்துவிட்டு நகராமல் நின்றார். உதடு துடித்ததை வேம்பு பார்த்தாள். அது பொய்யில்லை என்றுதான் பட்டது. அதுவே அவளுக்கு இன்னும் கலக்கமாக இருந்தது.

அந்த நேரத்தில் சிங்காரவேலு, சுவரோரம் சாய்ந்திருந்த அவள் அம்மா காளியம்மாளின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். கையில் மை டப்பாவும் ஒரு தாளும். சாவைப் பதிவதற்கு ஒரு ரேகை வேண்டும், இப்போதே வைத்துவிட்டால் பிறகு அலைய வேண்டாம் என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். காளியம்மாள் எதுவும் கேட்காமல் கையை நீட்டிவிட்டாள். கட்டைவிரலில் மை பட்டாகிவிட்டது.

வேம்பு குறுக்கே போய்த் தாளை எடுத்தாள். சிங்காரவேலு பிடித்த பிடியில் ஓரம் கிழிந்தது. அவள் நின்றபடியே வாய்விட்டு வாசித்தாள், பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல, நிறுத்தி. மேற்படி பன்னிரண்டு மா நஞ்சையில் இறந்துபோன இளையபெருமாளுக்கு அனுபவ பாத்தியம் எதுவும் இருந்ததில்லை என்றும், வாரிசுகளான தங்களுக்கும் எந்த உரிமையும் இல்லை என்றும் மனப்பூர்வமாக...

ஒப்பாரி நின்றது.

“இது சாவுப் பதிவா?” என்று கேட்டாள்.

சிங்காரவேலு அவளைப் பார்க்கவில்லை. திரும்பிச் சின்னய்யாவைப் பார்த்தார். சொல்லிக்கொடுத்த பாடத்தை மறந்த பையன் வாத்தியாரைப் பார்ப்பானே, அப்படி. வேம்புக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

காளியம்மாள் மகளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மை பட்ட விரலைச் சேலைக் கொசுவத்தில் அழுத்தி, மை போகும்வரை துடைத்தாள்.

பஞ்சநதம் மெதுவாக வேம்புவிடம் வந்தார்.

“அந்தத் தாள விடு. நான் எழுதின லெட்டரெல்லாம் இருக்குமே. ஞாபகத்துக்கு வெச்சுக்கறேன், குடு.”

வேம்பு உள்ளே போய்க் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நின்ற இடத்திலேயே கயிற்றை அவிழ்த்தார். தபால் முத்திரைத் தேதிகளை மட்டும் பார்த்துக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் போனார். ஆவணி வந்தது, ஆனி வந்தது. மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

“ஒண்ணு கொறையுது” என்றார்.

“அது அப்பா பேருக்கு வந்த லெட்டருங்க.”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். பிரிக்காத கடிதம் அவர் கையில் மேலாக இருந்தது. அதை ஒரு தரம் திருப்பினார்.

“இத அவர் படிக்கலயா?”

பஞ்சநதம் அப்பாவை ‘அவர்’ என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

“முந்தாநாள் வந்துச்சு. பொங்கல் கழிஞ்சு ஸ்டாண்டுக்கு எல்லாரும் வந்ததும் பிரிக்கலாம்னு வெச்சிருந்தாரு.”

பஞ்சநதம் கட்டை நாற்காலியில் வைத்தார். பிரிக்காத கடிதத்தையும் அதன்மேல் வைத்தார். ஒன்றையும் எடுத்துக்கொள்ளாமல், செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். சிங்காரவேலு பின்னால் ஓடினார். நாற்காலிகளை எடுத்துவரச் சொல்லலாமா என்று அவர் கேட்பது தெருமுனை வரை கேட்டது.

கலந்தர் தயங்கித் தயங்கி வந்து, பிரிக்காத கடிதத்தைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பிரேசிலில் முதல் பந்தயம் அடுத்த வாரமாம். ஸ்டாண்டில் கேட்பார்கள் என்றார். வேம்பு தலையசைத்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் எடுத்தார்கள். பண்ணை விறகைத் தொடாமல் தெரு ஆட்களே வீட்டுக்கு ஒரு கட்டை கொண்டுவந்திருந்தார்கள். ஆண்கள் சுடுகாட்டுப் பக்கம் திரும்பியதும் பெண்கள் காளியம்மாளை அணைத்துப் பிடித்து வாய்க்காலுக்குக் கூட்டிப்போனார்கள். மதகடியில் இறங்கி எல்லோரும் முழுகினார்கள். தண்ணீர் கல்லாகக் குளிர்ந்தது.

வேம்பு ஈரத்தோடு கரையேறி நின்றாள். மதகுக்குக் கிழக்கே அந்தப் பன்னிரண்டு மாவில் நெல் பழுத்துத் தலை சாய்ந்து கிடந்தது. தினமும் பள்ளிக்கூடத்துக்கு இந்த வரப்பில்தான் போகிறாள். வயலில் இன்னும் கணுக்கால் தண்ணீர். அறுப்புக்குப் பத்து நாள்கூட இல்லை, எப்போதோ வடித்திருக்க வேண்டும். யாரும் கவனிக்கவில்லை.

“ஈரத்தோட எங்கடி போற?” என்று காளியம்மாள் கரையிலிருந்து கேட்டாள்.

வேம்பு வரப்பில் குந்தி உட்கார்ந்து, வயல் தண்ணீரை வெளியே விடும் வடிமடையின் சேற்றில் இரண்டு கைகளையும் விட்டாள். மண் கெட்டித்திருந்தது. நகத்தால் கீறி, ஒரு கட்டியைப் பெயர்த்துப் பக்கத்தில் வைத்தாள், பிறகு இன்னொன்றை. முதலில் கலங்கலாக ஒரு கீற்றுக் கசிந்தது. அவள் கையை எடுத்ததும் தண்ணீர் வைக்கோல் துரும்புகளைத் தள்ளிக்கொண்டு வடிகாலில் இறங்கி ஓட ஆரம்பித்தது.